பெயர்கள் திரும்பி வந்த நகரம்

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய வேண்டுமென்றால் அதன் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்பார்கள். சுற்றுலாக் கையேடும் ஓர் ஆவணம்தான் என்பது நம் எண்ணம். தன்னிடம் உள்ளவற்றில் எதை அயலாருக்குக் காட்டலாம், எதை ஒதுக்கி வைக்கலாம் என்று ஒரு நகரம் எடுத்த முடிவுகள் அதில் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. அந்த முடிவுகள் காலத்துக்குக் காலம் மாறுவதையும் அதில் காணலாம். சீனத்தின் ஹெபெய் மாகாணத்தில், பெய்ஜிங்குக்குக் கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் தாங்ஷான் நகரத்தை இந்தக் கண்ணோடு படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாங்ஷான் நிலக்கரி, சிமெண்ட், உருக்கு, பீங்கான், ரயில் பெட்டி ஆகியவற்றின் நகரம். அழகுக்காக யாரும் தேடிப் போகும் ஊரன்று. எனினும் இன்று அங்கே செல்பவருக்குக் காட்டப்படும் இடங்களின் பட்டியல் சிறியதல்ல: பேரரசர்களின் கல்லறைத் தொகுதி, நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகம், பழைய சிமெண்ட் ஆலை, நகர நடுவில் ஒரு நினைவுச்சின்னம், தெற்கே ஒரு பெரிய ஏரிப் பூங்கா, இடிபாடுகளோடு பாதுகாக்கப்பட்ட ஒரு தொழிற்சாலை, அதன் அருகே ஒரு கறுப்புச் சுவர். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். ஆனால் இவை அனைத்தையும் ஒரே கேள்வி இணைக்கிறது. இறந்தவர்களில் யாருக்கு இடம் உண்டு, யாருக்குப் பெயர் உண்டு என்பதே அது.

*

காலவரிசையில் முதலில் வருவது கல்லறைத் தொகுதி. தாங்ஷான் நிர்வாகப் பகுதிக்குள் அடங்கிய சுன்ஹுவா என்ற இடத்தில் சிங் வம்சத்தின் கிழக்குக் கல்லறைகள் இருக்கின்றன. 1661-இல் இங்கே பணி தொடங்கியது. காங்ஷி, சியான்லுங் உள்ளிட்ட 5 பேரரசர்களும், அரைநூற்றாண்டுக் காலம் சீனத்தைத் திரைமறைவிலிருந்து ஆண்ட பேரரசி சீஷியும் இங்கே உறங்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பாதை, தனி மண்டபம், பெயர் பொறித்த கல். 1928-இல் சுன் தியன்யிங் என்ற படைத்தலைவனின் ஆட்கள் சியான்லுங், சீஷி ஆகியோரின் கல்லறைகளை வெடி வைத்துத் திறந்து கொள்ளையிட்டார்கள். அதற்குப் பிறகும் அவற்றின் மதிப்புக் குறையவில்லை. 2000-இல் இத்தொகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது.

இந்தக் கல்லறைகளுக்கும் தாங்ஷானின் தொழில் வரலாற்றுக்கும் ஒரு வினோதமான உறவு உண்டு. 1878-இல், லி ஹோங்சாங் என்ற செல்வாக்கு மிக்க அமைச்சரின் ஆதரவோடு, தாங் திங்ஷு என்ற வணிகர் கைப்பிங் சுரங்க நிறுவனத்தைத் தொடங்கினார். மேற்கத்திய முறையில் ஆழக்குழி தோண்டி நிலக்கரி எடுத்த சீனத்தின் முன்னோடிச் சுரங்கங்களில் அது ஒன்று. எடுத்த கரியைக் கால்வாய்க் கரைவரை கொண்டு செல்ல 1881-இல் ஷூகேசுவாங் வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. சீனத்தில் நிலைத்து நின்ற முதல் ரயில் பாதை இதுதான். ஆனால் அதில் முதலில் ஓடியது எஞ்சின் அல்ல. வண்டிகளைக் கோவேறு கழுதைகள் இழுத்தன. எஞ்சினின் அதிர்வு கிழக்குக் கல்லறைகளில் துயிலும் பேரரசர்களின் அமைதியைக் குலைத்துவிடும் என்று அரசவையில் அஞ்சியதாகச் சொல்வார்கள். பின்னர் கிளாட் கிண்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கிடைத்த பழைய உதிரிகளைச் சேர்த்து ஓர் எஞ்சினைக் கட்டினார். தொழிலாளர்கள் அதன் பக்கங்களில் நாகப் பாம்பு போன்ற சீன டிராகனின் உருவத்தைப் பதித்தார்கள்.

மண்ணுக்குள் இருக்கும் பேரரசர்களின் உறக்கம் கலையக்கூடாது என்று மண்ணுக்கு மேலே கழுதைகள் வண்டி இழுத்த அதே வட்டாரத்தில், 95 ஆண்டுகளுக்குப் பிறகு மண்ணே அதிர்ந்தது. அன்று இறந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையே கிடைக்கவில்லை. தாங்ஷானைப் பற்றி எழுதும்போது இந்த முரணைத் தாண்டிச் செல்ல நம்மால் இயலவில்லை.

*

நகரத்தின் தொழில் பெருமையைக் காட்டும் இடங்கள் இரண்டு. ஒன்று கைலுவான் தேசியச் சுரங்கப் பூங்கா. 1878-இல் தோண்டத் தொடங்கிய முதலாம் எண் குழியைச் சுற்றி அமைந்தது. பார்வையாளர்கள் தலைக்கவசம் அணிந்து பழைய சுரங்கப் பாதையின் ஒரு பகுதியில் இறங்கி நடக்கலாம். இந்தச் சுரங்கம் சீனர் கையிலிருந்து பறிபோன கதையும் இதோடு சேர்ந்தது. 1900-இல் பாக்ஸர் கிளர்ச்சியின் குழப்பத்தில் உரிமைப் பத்திரங்கள் கைமாறி, 1901-இல் சுரங்கம் ஒரு பிரித்தானிய நிறுவனத்தின் வசம் சென்றது. அந்தக் கைமாற்றத்தில் முக்கியப் பங்கு வகித்த இளம் பொறியாளர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னாளில் அமெரிக்க அதிபரானார்.

மற்றொன்று சிஷின் சிமெண்ட் ஆலை. 1889-இல் தொடங்கிய இது சீனத்தின் முதல் சிமெண்ட் ஆலை எனப்படுகிறது. ஆலை இடம் மாறிய பின் பழைய உலைகளும் கொட்டகைகளும் கலைக்கூடங்களாகவும் கண்காட்சி அரங்குகளாகவும் மாற்றப்பட்டு, தொடங்கிய ஆண்டின் பெயராலேயே '1889' என்று அழைக்கப்படுகின்றன. தொழில் நகரங்கள் தம் பழைய ஆலைகளை இப்படிப் புதுப்பித்துக் காட்டுவது உலகெங்கும் நடப்பதே. ஆனால் தாங்ஷானில் அந்த உலைகளின் முன் நிற்கும்போது வேறொரு நினைவு குறுக்கிடும். நாட்டுக்கே சிமெண்ட் தந்த இந்த ஊரின் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை கம்பி கட்டாத செங்கல் சுவர்களின் மேல் கனத்த கூரை ஏற்றியவை. பெரிய நிலநடுக்கம் வரக்கூடிய இடமாகத் தாங்ஷான் கருதப்படாததால் கட்டட விதிகள் அதை எதிர்பார்க்கவில்லை.

*

1976 ஜூலை 28, அதிகாலை மணி 3:42. ஊர் உறங்கிக்கொண்டிருந்த வேளை. 7.8 அளவுள்ள நிலநடுக்கம் அரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் நகரத்தைத் தரைமட்டமாக்கியது. எஞ்சிய கட்டடங்கள் பலவற்றை அன்று மாலை வந்த 7.1 அளவுள்ள பின்னதிர்வு வீழ்த்தியது. மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, பாலங்கள் எதுவும் இல்லை. எந்த நகரம் அழிந்தது என்பதே முதலில் தலைநகருக்குத் தெரியவில்லை. சுரங்கத் தொழிலாளர்கள் சிலர் ஓர் ஆம்புலன்ஸ் வண்டியை ஓட்டிக்கொண்டு பெய்ஜிங்குக்குச் சென்று தலைவர்களிடம் நேரில் செய்தி சொன்னார்கள்.

பிழைத்தவர்களில் பெரும்பாலோரை மீட்டவர்கள் பக்கத்து வீட்டார்தான், அதுவும் வெறும் கைகளால். ஏறத்தாழ ஒரு லட்சம் ராணுவ வீரர்கள் பின்னர் வந்து சேர்ந்தபோது அவர்களிடமும் பாரந்தூக்கிகள் போதிய அளவில் இல்லை. இவற்றினிடையே ஒரு விசித்திரமும் நிகழ்ந்தது. அன்றிரவு ஏறத்தாழ 10,000 தொழிலாளர்கள் சுரங்கங்களுக்குள் இரவுப் பணியில் இருந்தார்கள். ஆழத்தில் அதிர்வு குறைவு. ஆகவே அவர்களில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு மேலே வந்தார்கள். ஐந்து பேர் மட்டும் 15 நாட்கள் நிலத்தடியில் சிக்கியிருந்து மீட்கப்பட்டார்கள். ஆபத்தான இடம் என்று மனைவி மக்கள் அஞ்சி வழியனுப்பிய சுரங்கமே காப்பாற்றியது. பத்திரமானது என்று நம்பிய வீடு கொன்றது. மேலே வந்தவர்களில் எத்தனையோ பேருக்குத் திரும்பிச் செல்ல வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை.

அந்த ஆண்டின் அரசியல் சூழலையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஜனவரியில் சௌ என்லாய் மறைந்திருந்தார். மாவோ மரணப் படுக்கையில் இருந்தார். செப்டம்பர் 9-இல் மறைந்தார். கலாசாரப் புரட்சியின் இறுதி மாதங்கள் அவை. வெளிநாடுகள் தர முன்வந்த உதவியைச் சீன அரசு ஏற்க மறுத்தது. மனிதன் இயற்கையை வெல்வான் என்ற முழக்கமே நாளிதழ்களை நிறைத்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணிக்கை அரசாங்க ரகசியமாக இருந்தது. 1979 நவம்பரில்தான் அது வெளியிடப்பட்டது: இறந்தவர்கள் 2,42,000-க்கும் மேல், பலத்த காயமுற்றவர்கள் 1,64,000-க்கும் மேல். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகள் 4,204 பேர் என்றும், முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள் 3,817 பேர் என்றும் பின்னர் கணக்குகள் வந்தன.

மூன்றாண்டு கழித்து எண் கிடைத்தது. பெயர்கள் கிடைக்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. கோடை வெயிலில், கொள்ளைநோய்க்கு அஞ்சி, உடல்கள் அவசர அவசரமாகப் பெருங்குழிகளில் புதைக்கப்பட்டன. தம்மவர் எந்தக் குழியில் என்பதைப் பல குடும்பங்கள் அறியவே இல்லை.

*

நகரத்தைக் கைவிட்டுவிடலாம் என்ற யோசனையும் எழாமல் இல்லை. ஆனால் கீழே நிலக்கரி இருந்தது. அதை எடுக்கத் தெரிந்த மனிதர்கள் மேலே இருந்தார்கள். மறுகட்டுமானம் தொடங்கியது. பிழைத்தவர்களில் பலர் இடிபாட்டுக் கற்களாலும் தார்த்தாள்களாலும் கட்டிய தற்காலிகக் குடிசைகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். 1986 வாக்கில் கம்பி கட்டிய கான்கிரீட் கட்டடங்களால் ஆன புதிய நகரம் பெரும்பாலும் எழுந்து நின்றது. 1990-இல் ஐக்கிய நாடுகள் அவையின் குடியிருப்பு அமைப்பு இதற்காகத் தாங்ஷான் நகராட்சிக்கு விருது வழங்கியது. இந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. நொறுங்கிய ஒரு பெருநகரத்தைப் பத்தே ஆண்டுகளில் மீண்டும் எழுப்பியது எளிய செயலன்று.

பத்தாம் ஆண்டு நிறைவில், 1986 ஜூலையில், நகர நடுவே நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. 33 மீட்டர் உயரத்தில் நான்கு தூண்கள் வானை நோக்கி நிற்கின்றன. அடித்தளத்தைச் சுற்றி எட்டுப் புடைப்புச் சிற்பங்கள். ஏறிச் செல்லும் படிகள் ஏழு ஏழாக நான்கு அடுக்குகள், மொத்தம் 28. ஏழாம் மாதம் 28-ஆம் நாளை அவை குறிக்கின்றன. பெயர்ப் பலகையின் எழுத்து அப்போதைய கட்சிப் பொதுச்செயலாளர் ஹு யாவ்பாங்குடையது.

அந்தப் பெயரைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சீன மொழியில் அது 'காங்ஜென்' நினைவுச்சின்னம். 'காங்' என்றால் எதிர்த்து நிற்பது. ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த போரைக் குறிக்கும் தொடரிலும் இதே சொல்தான் முதலில் வருகிறது. ஆக, நிலநடுக்கம் ஒரு பகைவனாகவும், மீட்புப் பணி ஒரு போராகவும், மறுகட்டுமானம் ஒரு வெற்றியாகவும் அங்கே சொல்லப்பட்டன. சிற்பங்களில் இருப்பவர்கள் மீட்பவர்கள், கட்டுபவர்கள், தோளோடு தோள் நிற்பவர்கள். இறந்தவர்களின் பெயர் எதுவும் அங்கே இல்லை. போர் வெற்றிச் சின்னத்தில் அழுவதற்கு இடம் இருக்காது. ஆனால் அந்த ஊரில் அழ வேண்டியவர்கள் இல்லாத தெருவே இருந்திருக்க முடியாது.

எழுத்து இந்தக் குறையைச் சிறிது முன்கூட்டியே உணர்ந்திருந்தது. இளம் ராணுவ வீரராக இருந்தபோது ஷாங்காயிலிருந்து நிவாரணப் பணிக்கு வந்த சியான் காங், அதே 1986-இல் தாங்ஷான் நிலநடுக்கத்தைப் பற்றிய தமது நீண்ட நேர்காட்சிப் பதிவை வெளியிட்டார். முழக்கங்களை ஒதுக்கிவிட்டு, தனித்தனி மனிதர்கள் இருட்டில் என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள், யாரை இழந்தார்கள் என்று விவரித்த அந்நூல் சீனம் முழுவதும் பரவலாக வாசிக்கப்பட்டது. கல் சொல்லாததைக் காகிதம் சொல்லியது.

*

நகரத்துக்குத் தெற்கே உள்ள நான்ஹு, அதாவது தென்னேரிப் பூங்கா, இன்று தாங்ஷானின் மிகப் பிரபலமான பொழுதுபோக்கிடம். படகுகள், நாணல் காடுகள், மலர்த் திட்டுகள். ஏரியின் அழகைக் கண்டு மகிழ்பவருக்கு அது எப்படி வந்தது என்று எளிதில் தெரியாது. நூறாண்டுகளுக்கும் மேலாகக் கீழே கரி எடுக்க எடுக்க, மேலே நிலம் மெல்ல உள்வாங்கியது. அந்தப் பள்ளங்களில் நீர் தேங்கியது. குடியிருக்க இயலாத அந்த நிலத்தில் நகரம் தன் குப்பையையும், அனல்மின் நிலையச் சாம்பலையும், 1976-இன் இடிபாடுகளையும் கொட்டியது. 2008 முதல் பெருமளவில் அது சீரமைக்கப்பட்டது. குப்பை மலை ஒன்று மண்ணால் மூடப்பட்டு, மரம் நடப்பட்டு, உச்சியில் மண்டபத்தோடு 'ஃபீனிக்ஸ் மேடை' ஆயிற்று. 2016-இல், நிலநடுக்கத்தின் நாற்பதாம் ஆண்டில், உலகத் தோட்டக்கலைக் கண்காட்சி இந்த ஏரிக்கரையில்தான் நடந்தது.

சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரைச் சாம்பலும் குப்பையும் கொட்டிய மேட்டுக்கு வைத்ததில் ஒருவகைப் பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஏரியை நாம் குறை சொல்லவில்லை. குழந்தைகள் ஓடி விளையாடும் ஒரு பூங்கா, நாறிக்கிடக்கும் குப்பைமேட்டைவிட எவ்வளவோ மேல். ஆயினும் அந்தப் புல்வெளிக்குக் கீழே ஒரு காலத்தின் வீடுகள் செங்கற்களாகக் கிடக்கின்றன என்பதை அங்கே நடப்பவர் அறிந்திருப்பது நல்லது.

*

பெயர்களின் கதை 2000-க்குப் பிந்தியது. தனியார் நிறுவனம் ஒன்று நினைவுச் சுவர் ஒன்றை எழுப்பி, இறந்தவரின் பெயரைப் பொறிக்க இவ்வளவு என்று குடும்பங்களிடம் கட்டணம் வாங்கியது. பணம் கொடுத்தவர்களின் உறவினர்கள் பெயர் மட்டும் சுவரில் ஏறியது. துக்கத்தை விலைபேசுவதா என்று கண்டனம் எழுந்தது, நியாயமான கண்டனம்தான். ஆனாலும் மக்கள் பணம் கொடுத்தார்கள் என்பதையும் நாம் பார்க்க வேண்டும். முப்பதாண்டுக் காலம் ஒரு பெயரை வைக்க இடமில்லாமல் நெஞ்சில் சுமந்தவர்கள் அவர்கள். அந்தச் சுவர் தவறான கையால் கட்டப்பட்டது. அது ஈடுசெய்ய முயன்ற தேவையோ உண்மையானது.

2008-இல் அரசே அந்தக் கடனைத் தீர்த்தது. பழைய ரயில் எஞ்சின், பெட்டித் தொழிற்சாலையின் இடிபாடுகள் இருந்த நிலத்தில் நிலநடுக்க இடிபாட்டு நினைவுப் பூங்கா அமைந்தது. சரிந்த தூண்களும் முறிந்த உத்தரங்களும் 1976-இல் விழுந்தபடியே விடப்பட்டன. பக்கத்தில் கறுப்புக் கல்லால் நினைவுச் சுவர்கள் எழுந்தன. உயரம் 7.28 மீட்டர், நிகழ்ந்த நாள். சுவருக்கும் எதிரே உள்ள நீர்ப்பரப்புக்கும் இடையிலான தூரம் 19.76 மீட்டர், நிகழ்ந்த ஆண்டு. அதில் 2,40,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொன்னிற எழுத்துகளில், கட்டணம் ஏதுமின்றிப் பொறிக்கப்பட்டன. அதிகாரி, தொழிலாளி, கைக்குழந்தை என்ற வேறுபாடு எழுத்தின் அளவில் இல்லை.

இந்தப் பூங்காவின் பெயரில் 'எதிர்த்து நிற்றல்' என்ற சொல் கிடையாது. 'இடிபாடு', 'நினைவு' என்ற சொற்களே உள்ளன. 1986-க்கும் 2008-க்கும் இடையே நகரம் கடந்து வந்த தூரம் இந்த ஒரு சொல் மாற்றத்தில் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். அதே 2008 மே மாதத்தில் சிச்சுவானில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது சீன அரசு வெளிநாட்டு உதவியை ஏற்றது. மூன்று நாள் தேசியத் துக்கமும் அறிவித்தது. தாங்ஷானுக்கு 1976-இல் இவ்விரண்டும் கிட்டவில்லை.

2010-இல் இயக்குநர் ஃபெங் ஷியாவ்காங் எடுத்த 'தாங்ஷான் பெருநிலநடுக்கம்' என்ற திரைப்படம், இடிபாட்டில் சிக்கிய இரட்டைக் குழந்தைகளில் ஒன்றையே காப்பாற்ற முடியும் என்ற நிலையில் மகனைத் தேர்ந்த ஒரு தாயையும், பிழைத்துவிட்ட மகளையும் பற்றியது. நகராட்சியின் பணமும் அதில் உண்டு. நகரத்தைப் புகழ்ந்து முடிக்க வாய்ப்பிருந்தும் படம் இந்தச் சுவரின் முன்னால்தான் வந்து முடிகிறது.

*

சுவரைக் கட்டிய பிறகும் தாங்ஷான் மக்கள் ஒரு பழைய வழக்கத்தை விடவில்லை. ஜூலை 28-ஐ ஒட்டிய இரவுகளில் தெருமுனைகளிலும் நாற்சந்திகளிலும் காகிதப் பணத்தைக் கொளுத்தி இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். சீன மரபில் இதைக் கல்லறையின் முன் செய்வதே முறை. கல்லறை இல்லாதவர்கள் தெருவில் செய்தார்கள். இறந்தவர் எங்கே கிடக்கிறார் என்று தெரியாதபோது, அவர் கடைசியாக நடந்த ஊரின் ஏதாவதொரு சந்தி போதும் என்று கொண்டார்கள் போலும்.

சுற்றுலாக் கையேட்டில் இந்த நெருப்புகள் இடம் பெறுவதில்லை. நுழைவுக் கட்டணமோ திறப்பு நேரமோ அவற்றுக்கு இல்லை. ஆனால் அந்த நகரத்தின் மிகப் பழைய நினைவிடம் அதுதான். 1986-இன் தூண்கள் எழுவதற்கு முன்பும், 2008-இன் சுவர் எழுவதற்கு முன்பும், ஒவ்வொரு குடும்பமும் தன் தெருமுனையில் கரிக்கட்டியால் ஒரு வட்டமிட்டு, அதற்குள் தீ மூட்டி, பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தது. அரசு 32 ஆண்டுகள் கழித்துக் கல்லில் எழுதியவை அந்தப் பெயர்களைத்தான்.